ஒரு பொட்டுக் கோந்து

ஆராய்ச்சி மாணவி மூச்சிரைக்கத் துறைத்தலைவர் அறைக்குள் நுழைந்து, ஆய்வேட்டை மேஜைமேல் தொப்பென்று போட்டாள்.

"எனக்கு வேற கைடு வேணும் சார்! பகல்ல லேப், சாயங்காலம் அவருக்குப் பதிலா வகுப்பு, நடுவுல அவரோட விடைத்தாளையும் திருத்திக்கிட்டு, மாடா உழைச்சு எழுதினேன். மூட்டையைப் பிரிக்காமலே சரக்கு பிரமாதம்கிற மாதிரி, 'வரிவரியாப் படிச்சேம்மா'ன்னு கூசாமப் புளுகுறார்!"

"படிக்கலைன்னு உனக்கெப்படித் தெரியும்?"

"நாப்பதாம் பக்கத்தையும் நாப்பத்தொண்ணையும் ஒரு பொட்டுக் கோந்து வச்சு ஒட்டிக் கொடுத்தேன். ஒட்டினது ஒட்டினபடியே திரும்பி வந்திருக்கு, பாருங்க!"

தலைவருக்கு ரத்தம் கொதித்தது. "என்ன அநியாயம்!" என்று பல்லைக் கடித்தபடி ஸ்கேலை நுழைத்துப் பக்கங்களைப் பிரித்தார். உள்ளே கைடின் சிவப்பு மை சிரித்தது.

'இங்கே மூன்று பிழைகள், திருத்தவும். படித்துவிட்டு மறுபடி ஒட்டியிருக்கிறேன். இதே வித்தையை நானும் என் கைடிடம் காட்டியவன்தான். அவர் கடைசிவரை பிரிக்கவே இல்லை, பட்டம் கொடுத்துவிட்டார்.'

மாணவியின் முகம் தொங்கிப்போனது. "அவரோட கைடு யாரு சார்?"

தலைவர் ஆய்வேட்டைப் படாரென்று மூடினார்.

"அந்தப் பயலை உடனே வரச் சொல்லு! கைடுன்னுகூடப் பார்க்காம, என்னையே சோதிச்சுப் பார்த்திருக்கான்!"