இரண்டரை மில்லி

"ஊருக்குப் போயிட்டு வந்தா நம்ம வீடு இங்கேயே இருக்குமாம்மா?" மகள் ஒருநாள் கேட்டது சகுந்தலாவுக்கு நினைவு வருகிறது. ஸ்ரீரங்கத்து மென்பொருள் அலுவலகத்தில் சாயங்கால வெயில் ஜன்னல் கம்பி வழியே கீபோர்டில் கோடுகோடாக விழுகிறது. காட்டூர் கிளினிக் நர்ஸ் அழகம்மாள் போனில் படபடக்கிறார்: "குழந்தைக்கு ரெண்டரை மில்லி மருந்தும்மா, சீட்டுல வெறும் ரெண்டுன்னு வருது. உங்க கம்ப்யூட்டருக்கு அரைக் கணக்கு தெரியாதா?" "பத்து நிமிஷம் குடுங்கக்கா." கிளினிக்குக்காக எழுதிய நிரலை வரிவரியாகப் பார்க்கிறாள். ஜெர்மன் மருந்துப் பட்டியலைப் படிக்க அது அந்நாட்டு எண் எழுதும் வழக்கத்துக்கு மாறுகிறது. அங்கே புள்ளிக்குப் பதில் கமா. திரும்பி வருவதற்காகப் பழைய வழக்கத்தின் பெயரை நகலெடுக்காமல், சி மொழியின் நூலகம் அதை நினைவகத்தில் வைத்திருந்த இடத்தை மட்டும் குறித்திருக்கிறது. நூலகமோ அதே இடத்தில் புதுப் பெயரை எழுதிவிட்டது. மகள் கேட்டது போல, திரும்பி வரப் பழைய வீடு அங்கே இல்லை; நிரல் திரும்பவேயில்லை. புள்ளியைத் தசமமாக அறியாமல், 2.5-ஐ வெறும் 2 என்று படிக்கிறது. அந்த வரி, டீ வாங்கப் போயிருக்கும் சீனியர் லக்ஷ்மணன் எழுதியது. முன்பு அவள் செய்த பிழை ஒன்றை யாருக்கும் சொல்லாமல் திருத்தி வைத்தவர் அவர். அவளுக்கே பிறகு தற்செயலாகத்தான் தெரிந்தது. "பெருமாளே" என்று முணுமுணுத்து, பெயரை நகலெடுக்கும் ஒரு வரியைச் சேர்க்கிறாள். சீட்டில் 2.5 வருகிறது. திருத்தக் குறிப்பில் காரணத்தை எழுதுகிறாள், ஆளை எழுதவில்லை. இரண்டு டம்ளர்களோடு லக்ஷ்மணன் உள்ளே வருகிறார். "யாரு போன்ல?" "காட்டூர் அக்கா. சரியாயிடுச்சு சார். டீயைக் குடுங்க, ஆறிடப் போகுது."