மேல் வீட்டு நத்தை

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துட்டுத்தான் மறுவேலை!"

துடைத்துக்கொண்டிருந்த தட்டை டொக்கென்று வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள் அவள்.

"எங்கே கிளம்பிட்டே?" கணவர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"மாடிக்கு. உங்க நத்தையைப் பார்க்க."

நத்தை என்பது மேல் வீட்டு அதிகாரிக்குப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வைத்த பெயர். சுற்றுச்சூழல் அனுமதி அந்தப் பெண் கையில்தான். போன் பேட்டரிக்குப் போடுகிற லித்தியத்தைப் பிரித்தெடுக்கும் ஆலை ஒன்று அனுமதிக்குக் காத்திருந்தது. அதற்கு அறிக்கை எழுதியவர் இவள் கணவர். அது ஒவ்வொரு தடவையும் மாதக்கணக்கில் அங்கே கிடந்து, மூன்று தடவை திரும்பி வந்துவிட்டது. அனுமதி கிடைக்காவிட்டால் வேலையை மறந்துவிடச் சொல்லிவிட்டார் முதலாளி.

"விடும்மா. புதுசா விரைவு விதி வந்தாச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள அவங்க முடிவு சொல்லியே ஆகணும். இனிமே இழுத்தடிக்க முடியாது."

"நீங்க இப்படி வாயில்லாப்பூச்சியா இருந்தா ஆளாளுக்கு ஏறி மிதிக்கத்தான் செய்வாங்க."

தடதடவென்று படியேறினாள்.

"வாங்கக்கா, உட்காருங்க."

"உட்கார வரலைம்மா. ஒரு கையெழுத்துப் போட உனக்குக் கை வலிக்குதா? 'மீண்டும் படித்துப் பார்க்கவும்'னு எத்தனை தடவை திருப்பி அனுப்புவே? அவர் என்ன ஸ்கூல் பையனா?"

அந்தப் பெண் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அக்கா, ஆலைக்குப் பக்கத்துல கடல் இருக்கா?"

"கடலா? பஸ்ல போனாலே ஒரு நாள் ஆகும்."

"சாரோட அறிக்கையில இருக்கு. கரையில ஆமை முட்டை போடுதாம். அதைப் பத்திரமாப் பார்த்துப்பாங்களாம்."

அவள் உட்கார்ந்தாள்.

"வேற ஏதோ ஆலை அறிக்கையை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கார்க்கா. நாம குடிக்கிற ஏரி ஆலைக்குப் பின்னாடியே இருக்கு. அதைப் பத்தி ஒரு வரி இல்லை."

"இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"நான் சொன்னா எழுத்துலதான் சொல்லணும். எழுத்துல வந்தா அது பொய் அறிக்கை; சாருக்கு வேலை போயிடும். இப்போ உங்ககிட்ட வாயை விட்டதே தப்பு. அவராப் படிச்சுத் திருத்திப்பார்னு பார்த்தேன். அவர் தேதியை மட்டும் மாத்தி அனுப்பறார். விரைவு விதி வர்றதுக்கு முன்னாடின்னா இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட்டிருப்பேன்."

"இப்போ?"

"வேகமா வேணும்னா நாளைக்கே முடிச்சுடலாம்க்கா. 'நிராகரிக்கப்பட்டது'ன்னு ஒரே வார்த்தை. அதுக்குள்ள அவரே அறிக்கையைத் திரும்ப வாங்கிட்டு, ஏரி கெடாம இருக்க ஒரு வழியையும் எழுதிட்டா யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

இறங்கி வந்தபோது கணவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"நல்லா நாலு கேட்டியா? எப்போ முடிச்சுத் தருதாம் நத்தை?"

"நாளைக்கே முடிச்சுடலாம்னு சொன்னா. நான்தான் அவ கையைப் பிடிச்சு, வெள்ளிக்கிழமை வரைக்குமாவது இழுத்தடிம்மான்னு கெஞ்சிட்டு வந்திருக்கேன்" என்றவள், நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். "உட்காருங்க. அந்த அறிக்கையை எடுத்து முதல் பக்கத்துலேருந்து எனக்குப் படிச்சுக் காட்டுங்க. மெதுவா."