ஆடாத மேடை

ஆபரேஷன் அறைக் கண்ணாடி வழியே பார்த்தால் மேடையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. வெளியே நின்ற இன்ஜினியருக்கு மட்டும்தான் தெரியும்: எல்லாம் சரி என்று அந்த விளக்கு சொல்வது அண்டப்புளுகு!

கண் ஆபரேஷனுக்கான மேடை அது. ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே தண்டவாளம். ரயில் போனால் தரை அதிரும். கட்டிலும் மைக்ராஸ்கோப்பும் ஆடாதபடி அடியில் ஸ்பிரிங்கும், தரை ஒரு பக்கம் தள்ளினால் மறுபக்கம் தள்ளுகிற மோட்டாரும் வைத்தவன் இவன்தான். அந்த ஸ்பிரிங்குக்குச் சின்ன அதிர்வில் ஒரு குணம், பெரிய அதிர்வில் இன்னொரு குணம். அதற்கேற்ப மோட்டாரின் கணக்கும் நொடிக்கு நொடி மாறவேண்டும்.

"இன்னும் ஆடுது, தம்பி" என்று டாக்டரம்மா ஒரு வருடமாகப் புலம்பினார். கருவி வைத்து அளந்து பார்த்தால், ஆட்டமே இல்லை என்று கோடு நேராகத்தான் வரும். முப்பது வருடம் கத்தி பிடித்தவர் சொல்கிறாரே என்று இவன் அளவுக்கருவியைத் திட்டிவிட்டு, கணக்கைப் பதினொரு தடவை மாற்றி எழுதினான்.

கடைசியில் வெறுத்துப்போய், இரண்டு நாளில் சரிசெய்துவிடலாம் என்று மோட்டார் வயரைப் பிடுங்கிவிட்டான். மூன்றாம் நாளே போன்: "பிரமாதம் தம்பி! இப்ப துளிகூட ஆடலையாம்!" உண்மையைச் சொல்லாமலே இவன் போனை வைத்துவிட்டான். இரண்டு வாரம் ஓடிவிட்டது.

இன்று அந்தக் கட்டிலில் படுக்கப்போவது இவனுடைய அக்கா. வெளியே பெஞ்சில், கண்ணில் சொட்டு மருந்தோடு, பக்கத்திலிருந்தவளிடம் பீற்றிக்கொண்டிருந்தாள். "என் தம்பி செஞ்ச மேடையாக்கும்! எனக்கென்ன பயம்?"

ஊரார் கண் என்றால் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அக்கா கண் என்றதும் ஓடிவந்தேனே, நானெல்லாம் ஒரு மனுஷனா? அவனுக்கே அவன்மேல் அருவருப்பாக இருந்தது. டாக்டரம்மாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

"டாக்டர், ஆபரேஷனை நிறுத்துங்க. மேடை வேலை செய்யல."

"ஏன்? பச்சை லைட் எரியுதே?"

"அது சும்மா எரியுது. மோட்டார் வயரை நான்தான் பிடுங்கினேன். உங்ககிட்ட மறைச்சுட்டேன். என்னை என்ன வேணா பண்ணுங்க, எங்க அக்கா கண்ணுக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாது."

"எப்பப் பிடுங்கினீங்க?"

"ரெண்டு வாரம் ஆச்சு."

டாக்டரம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. கத்தப்போகிறார் என்று இவன் தலையைக் குனிந்துகொண்டான். நிமிர்ந்து பார்த்தால் அவர் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்; கண் கலங்கியிருந்தது.

"உக்காருங்க தம்பி. உங்க அக்காவுக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு வருஷமா உங்களைப் போட்டு வாட்டி எடுத்துட்டேன். நான்தான் மன்னிப்புக் கேக்கணும்."

"நீங்க எதுக்கு டாக்டர்?"

"இந்த ரெண்டு வாரமா ஆபரேஷன் பண்றது நான் இல்ல, என் பொண்ணு."