மாறிய பெல்ட்

செம்புக் கம்பியைத் திருடி விற்றது மேஸ்திரி. பழியைச் சுமந்து ஜெயிலுக்குப் போனது பெயின்டர். வெளியே வந்தவனுக்கு வேறு எங்கும் வேலை கிடைக்காததால், அதே மேஸ்திரியிடமே வந்து நின்றான்.

"என் மேல கோவமாடா?" என்று மேஸ்திரி ஆழம் பார்த்தார்.

"கர்த்தர் பார்த்துக்குவார்ணே."

அவன் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. அன்றிலிருந்து அவன் நீட்டிய தண்ணீரைக்கூட மேஸ்திரி தொடவில்லை. மதியத்தில் அவன் தனியே உட்கார்ந்து முணுமுணுப்பான். அதில் தன் பெயர் அடிபடுவதை அவரே காதால் கேட்டார்.

இன்று காலை சாமான் அறையைக் கடந்தவர் திடுக்கிட்டு நின்றார். ஆணியில் தொங்கிய அவருடைய பாதுகாப்பு பெல்ட்டைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, அங்கே தன் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தான் பெயின்டர்.

'படுபாவி, என் கதையை முடிக்கப் பார்க்கிறான்!'

அவன் நகர்ந்ததும் மேஸ்திரி சத்தமில்லாமல் ஓரத்தில் கிடந்த தன் பெல்ட்டையே எடுத்துக் கட்டிக்கொண்டார்.

ஒன்பதாவது மாடியில் சாரத்தில் கால் வைத்ததும் பலகை சரிந்தது. கயிறு வெடுக்கென்று இழுத்ததில் பெல்ட்டின் கொக்கி பிளந்தது. அதற்குள் ஜன்னல் வழியே நீண்ட ஒரு கை, அவர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டது.

இழுத்தவன் பெயின்டர். "கொக்கியில விரிசல்னுதானேண்ணே என் பெல்ட்டை உங்களுக்கு மாட்டி வெச்சேன்! இதை ஏன் கட்டினீங்க?"

"உன்னை ஜெயிலுக்கு அனுப்பினவன்டா நான்..."

"தெரியும்ணே. தினமும் உங்களுக்காகத்தான் ஜெபம் பண்றேன்."

மேஸ்திரி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "விரிசல்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா?"

பெயின்டர் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் சொன்னா இப்பல்லாம் யாருண்ணே நம்புறாங்க?"