ஜோடி மாறிப்போச்சு

கள்ளக்குறிச்சியில் டீசல் பம்ப் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அஷ்பாக், தொழுகைக்குப் போய்விட்டு வந்து, டீசலைத் தள்ளும் பிளஞ்சர் தண்டை அதன் பேரல் குழாய்க்குள் விட்டால், இறங்க மறுத்தது. அடுத்ததும் அப்படியே. தட்டில் ஜோடி ஜோடியாக வைத்துவிட்டுப் போனவை மாறிக் கிடந்தன. ஒன்றின் ஜோடி இன்னொன்றோடு சேரவே சேராது.

பம்ப் மீன்பிடிப் படகினுடையது. கடலூரிலிருந்து அதைப் பையில் தூக்கி வந்த செந்தமிழ்ச்செல்வி காலையிலிருந்து பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தான்.

“எப்பங்க முடியும்?”

“தேஞ்சத மாத்திட்டேம்மா. மத்ததுல ஜோடி மாறிப்போச்சு. தப்பா கோத்தா நடுக்கடல்ல இன்ஜின் நின்னுடும். ஒண்ணொண்ணா பாத்து ராத்திரிக்குள்ள முடிச்சிடறேன், கோச்சுக்காதீங்க.”

“ராத்திரிக்குள்ளயா?” அவள் முகம் வெளுத்தது. “ஜாஸ்தி நாள் ஆவும்னுதான நான் மாத்தி வெச்சேன்.”

அஷ்பாக் நிமிர்ந்து பார்த்தான்.

“ஜோடி மாறுனா வேல இழுத்துடும்னு காலையில நீங்கதான சொன்னீங்க. புயல் வருது, கடலுக்குப் போவாதீங்கன்னு மைக்ல சொல்லிக்கினே இருக்காங்க. அவரு காதுலயே போட்டுக்கல. எங்கூர்ல குடுத்தா உடனே முடிச்சிடுவாங்கன்னுதான் இவ்ளோ தூரம் தூக்கியாந்தேன்.”

போன் மறுபடி அடித்தது. அவள் எடுக்கவில்லை. அஷ்பாக் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினான்.

“புயல் எப்பம்மா கரை தாண்டுது?”

“புதன்கெழம ராத்திரிங்க.”

அவன் போனைக் காதில் வைத்தான்.

“மெக்கானிக் பேசறேங்க. என் தப்புதான், ஜோடிய மாத்தி வெச்சுட்டேன். வியாழக்கெழம ஆயிடும்.”