மூக்கின் மேல் கடைப் பெயர்

“யோசுவாண்ணே, இது என் பிள்ளைக்க முகமா, இல்ல சினிமா போஸ்டர் ஒட்டுற மதிலா?”

விமலகுமாரி போட்டோவைக் கவுண்டரில் போட்டாள். அதில் மகள் ஜெஸ்னா சிரித்துக்கொண்டிருந்தாள். நெற்றியிலிருந்து தாடை வரை, சாய்வாக, மங்கலாக ‘யோசுவா ஸ்டுடியோ, பனச்சமூடு’.

கல்லாவில் இருந்த புஷ்பபாய் கணவரை முறைத்தாள். தொண்ணூற்றொன்பதில் ஸ்டுடியோவுக்குக் கம்ப்யூட்டர் வந்ததிலிருந்தே மனுஷனுக்கு இந்தக் கிறுக்கு. ஆனால் மற்றவர்கள் படத்தில் ஓரமாகத்தானே போடுவார்?

“வாட்டர்மார்க் ஆக்கும் தங்கச்சி” என்றார் யோசுவா. “இல்லேன்னா இந்த எல்லை ரோட்டுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக் கடையில பாதி விலைக்குக் காப்பி எடுத்துருவீங்க. படம் எடுத்தவனுக்கு உரிமை உண்டு. சட்டமாக்கும்.”

“ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் செல்லையன் இதை மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோணும். துபாய் மாப்பிள்ளை! பெண்ணுக்குப் பேரு யோசுவான்னுல்லா நினைப்பாவ?”

யோசுவா சிரிக்கவில்லை.

“வேற படம் எடுக்கலாம்னா அவ நர்சிங் ஹாஸ்டல்ல கிடக்கா. லீவு இல்லேங்கா. எழுத்தில்லாம ஒண்ணு தாங்கண்ணே, பைசா கூடத் தாறேன்.”

“பைசா வேண்டாம். கம்ப்யூட்டர்ல ஒருக்க ஏத்தினா பின்ன அழியாது.”

பச்சைப் பொய். நேற்றுதான் ஒரு பாஸ்டர் படத்தில் ரெண்டே தட்டில் அழித்தார். புஷ்பபாய் கண்ணால் பார்த்தது.

“அப்ப கல்யாணத்துக்கு வேற ஆளை விளிச்சுக்கிடுதேன்!” போட்டோவை விட்டெறிந்துவிட்டு இறங்கிப் போனாள் விமலகுமாரி.

“ஆல்பமும் போச்சு, வீடியோவும் போச்சு” என்று ஆரம்பித்தாள் புஷ்பபாய். “உங்க உரிமையைக் கரைச்சுக் குடிங்க!”

“போனாப் போட்டு” என்று யோசுவா ஸ்கேனரைத் துடைத்தார்.

போன் அடித்தது. புஷ்பபாய்தான் எடுத்தாள். ‘ஹலோ’ சொல்ல இடம் கிடைக்கவில்லை.

“மாமா, ஜெஸ்னாவாக்கும். அம்மை வந்தாளா? நல்லா ஏசினாளா? எனக்காவ கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க மாமா. கடைசி வருஷப் பரீட்சை முடியட்டு. அதுவரை எழுத்தை அழிச்சிராதீங்க. நல்ல படம் துபாய்க்காரன் கையில கிடைச்சா, என் படிப்பு அதோட சரி.”

புஷ்பபாய் போனை வைத்தாள். கீழே கிடந்த போட்டோவை எடுத்து, டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

“இஞ்ச பாருங்க, கண்ணு ரெண்டும் தெளிவாட்டுல்லா தெரியுது? எழுத்தை இன்னும் கொஞ்சம் பெருசாப் போடுங்க!”