அப்பாவின் குழி

குழிக்குள் நின்ற குழிவெட்டி பூமாலை மேலே எதையும் எடுத்துத் தராமல் என்னையே பார்த்தான்.

நான் புது வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்திருந்தேன். எங்கள் கல்லறையில் அதுதான் வழக்கம். புருஷன் குழியைத் திறந்து, பழைய எலும்பைத் துணியில் கட்டி, பெண்டாட்டியின் பெட்டியோடு சேர்த்து உள்ளே வைப்பார்கள்.

அம்மா வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தாள். "என்னையத் தனியாப் போடுடி" என்று சாகக் கிடந்தபோது கெஞ்சினாள். அவள் தம்பி ஞானாதிக்கம் மாமாவும் காலையிலிருந்து முனகிக்கொண்டே இருந்தார். நான் கேட்பேனா? ஒரே மகள். அப்பாவையும் அம்மாவையும் ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும் எனக்கு.

"எலும்பு ஒண்ணும் இல்லக்கா," என்றான் பூமாலை மெதுவாக. "ஆணி கெடக்கு. மிச்சமெல்லாம் சுண்ணாம்புக் கல்லு."

குனிந்து பார்த்தேன். மக்கிப்போன பலகைத் தூளுக்கு நடுவே, ஓர் ஆள் கனத்துக்குக் கல் அடுக்கியிருந்தது.

அப்பா திருச்சி ஆஸ்பத்திரியில் காலராவில் செத்தார் என்றார்கள். தொற்று என்று ஆணி அடித்த பெட்டியாகத்தான் வண்டியில் வந்தார். முகம்கூடப் பார்க்க விடவில்லை. சின்னப் பிள்ளை நான், பெட்டியில் வாய் வைத்து முத்தி செய்து அழுதேன்.

அந்த வண்டியை ஓட்டி வந்தவர் மாமாதான். திரும்பினேன். தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்கொப்பன் சாவலடி," என்றார் என் காதோரம். "வேற ஒருத்தியோட போயிட்டான். செத்துட்டான்னா ஊரு எரக்கப்படும், வுட்டுட்டுப் போயிட்டான்னா சிரிக்கும்னு ஒங்கம்மாதான் பெட்டி செய்யச் சொன்னா."

"இப்ப?"

"எறையூர்ல இருக்கான். ஆலையில வேலை பாக்குற மவன் வூட்டுல."

எனக்கு ஒரு தம்பியாம். பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்ப் பார்த்துவிடலாம்.

அடிப்பாவி அம்மா! என் கல்யாணத்தன்று தாலி அறுத்தவள் முன்னால் வரக்கூடாது என்று கோயில் கடைசித் தூணோரம் நின்றாயே. தாலி ஏறின கழுத்தோடு நேரே இங்கே வந்துதானே விழுந்து கும்பிட்டேன்? நீயும் பக்கத்தில் நின்று மூக்கைச் சிந்தினாயே. கல்லறைத் திருநாள் தவறாமல் மெழுகுவத்தி, சாமந்தி, ஆத்துமப் பூசை. ஊருக்கு ஒளித்தாய், சரி. என்னிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாம்.

பின்னால் சனம் கழுத்தை நீட்டத் தொடங்கியது.

துணியைக் குழிக்குள் இறக்கினேன். பூமாலைக்குப் புரிந்தது. கொஞ்சம் கல்லை அள்ளி வைத்தான். மேலே இழுத்து, வெளியே தெரியாமல் இறுக்கிக் கட்டினேன்.

பங்குச்சாமி தீர்த்தச் சொம்போடு வந்தார். ஊருக்குப் புதியவர்.

"அம்மா பேரு சவரியாயி. அப்பா பேரென்னம்மா?"

மாமா என் கையைப் பிடித்தார். உதறினேன்.

"இன்னாசி," என்றேன். கடைசியில் நிற்கிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று மறுபடியும் உரக்கச் சொன்னேன். "செத்துப்போன இன்னாசி, சாமி."